பாய்க்குக் கீழே போதகர்

விடிந்தும் விடியாத நேரத்தில் என் வீட்டு முன்னால் ஒரு பாய் உட்கார்ந்திருந்தது. பாய் உட்காருமா என்று கேட்காதீர்கள். அடியில் ஆள் இருந்தால் உட்காரும். எங்கள் சமோவாவில் ஒருவன் இன்னொரு வீட்டாளின் உடம்பில் ரத்தம் பார்த்துவிட்டால், அவன் குடும்பத்துத் தலைவர் வீட்டிலிருக்கும் நல்ல நுண்பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு அடிபட்டவன் வாசலில் வந்து குனிந்திருப்பார். இஃபோங்கா என்போம். வீட்டார் வந்து பாயைத் தூக்கினால் மன்னிப்பு. தூக்காவிட்டால் வெயில் ஏற ஏற அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அந்தக் காலத்தில் பாயைத் தூக்குவதற்குப் பதிலாகக் கோடாலியைத் தூக்கியவர்களும் உண்டு.

அன்று எனக்கும் கோடாலி ஞாபகம்தான் வந்தது. மறைப்பானேன்?

என் தம்பி ஃபெரெத்தி ஆபியா ஆஸ்பத்திரியில் கிடந்தான். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தோட்டத்திலிருந்து தோளில் கம்பு வைத்து, இரண்டு பக்கமும் சேப்பங்கிழங்குக் கூடை தொங்க, பொழுது சாயும் நேரத்தில் ரோட்டோரமாக வந்துகொண்டிருந்தவனைப் போதகர் வீட்டுப் பிக்கப் தூக்கி எறிந்தது. ஓட்டியவன் போதகரின் ஒரே மகன் நேமியா. கால் போனதுகூட ஒரு பக்கம். போலீசில் நேமியா என்ன சொன்னான் தெரியுமா? ஃபெரெத்தி குடித்துவிட்டு ரோட்டின் நடுவில் படுத்திருந்தானாம். கொக்கோவைத் தவிர வேறெதையும் வாயில் ஊற்றாத என் தம்பி! ஊரும் அதை நம்பியது, அல்லது நம்பியதுபோல் தலையாட்டியது. போதகர் வீட்டுப் பிள்ளையின் வாயிலிருந்து வந்த சொல்லாயிற்றே. மயக்கம் தெளிந்து ஃபெரெத்தி முதலில் கேட்டது தன் காலைப் பற்றி அல்ல. "அக்கா, நான் குடிச்சிருந்தேன்னு சொல்றாங்களாமே, நெசமா?" என்றுதான் கேட்டான். அந்தக் கேள்வி என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பொய் அழியாமல் நான் எதற்கும் சம்மதிப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

பாய்க்குப் பக்கத்தில், மற்ற ஊர்த் தலைவர்களுக்கு முன்னால், கோலை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார் சேயுலி. எங்கள் ஊருக்காகப் பேசுவது அவர் பட்டத்துக்குரிய வேலை. எதைப் பேசினாலும் கடலைப் பார்த்துத்தான் பேசுவார்.

"லெபேகா, உன் வாசல்ல இன்னைக்கு ஊரே தலை குனிஞ்சு கெடக்கு."

"ஊரு இம்புட்டுச் சின்னதா? ஒரு பாய்க்குள்ள அடங்கிருச்சே."

அவர் தொண்டையைச் செருமினார். "யாரு உள்ளன்னு கேக்கற வழக்கமில்ல. தூக்கறியா இல்லையா, அதான் உன் பாடு."

நான் கேட்கவில்லை. பாயின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த பாதங்களைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கால்கள் வெயிலில் ஒரே நிறமாகக் கறுத்த கால்கள். இந்தப் பாதங்களில் குறுக்கே குறுக்கே வெளுத்த கோடுகள். தோல் வார்ச் செருப்பு போடுகிற ஒரே மனிதர் இந்த ஊரில் போதகர் சகரியா.

போதகர் யாருக்கும் குனிய மாட்டார். குனியவும் கூடாது. ஊருக்கும் அவருக்கும் உடன்படிக்கை. தலைவர்கள்தான் அவர் முன்னால் குனிவார்கள். மீனில் முதல் மீன் அவருக்கு, கிழங்கில் பெரிய கிழங்கு அவருக்கு. அப்பேர்ப்பட்டவர் என் வாசல் மண்ணில். என் மனதுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அது கிறிஸ்தவக் குளிர்ச்சி அல்ல.

காரணம் சொல்கிறேன். என் மகள் ஃபுவாதினோ கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றாள். அப்படிப் பெற்றவளைத் திருவிருந்துக்கு வெளியே வைப்பது எங்கள் சபையில் பழைய வழக்கம்தான். அவள் அழுதாள், ஒப்புக்கொண்டாள். ஆனால் சகரியா வந்த பிறகு விதியை இறுக்கினார். பிள்ளை தவறினால் பெற்றோரும் வெளியே. வளர்ப்பு சரியில்லை என்றுதானே அர்த்தம் என்று பிரசங்க மேடையிலிருந்து சொன்னார். பாடகர் குழுவில் முதல் குரல் பாடிக்கொண்டிருந்த என்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். "விதி விதிதான் லெபேகா, ஆளுக்குத் தக்கபடி வளைக்க முடியாது" என்றார். அந்தப் பெஞ்சில் ஒரு ஆணி துருத்திக்கொண்டிருக்கும். என் வெள்ளைப் பாவாடைகள் இரண்டை அது கிழித்திருக்கிறது. அடித்து உள்ளே தள்ளச் சொல்லி டீக்கன்களிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அங்கே உட்காருபவர்கள் யார்? நானும் மகளும், இரண்டே பேர். எங்களுக்காகச் சுத்தியல் தேடுவார்களா?

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் தட்டில் வரும். எங்கள் பெஞ்சுக்கு வந்ததும் தட்டைப் பிடித்திருப்பவர் கூரையைப் பார்த்துக்கொண்டு தாண்டிப்போவார். பசியோடு இருந்தால்கூட அவ்வளவு வலிக்காது.

"அம்மா." உள்ளேயிருந்து ஃபுவாதினோ வந்து என் தோளைத் தொட்டாள். "தூக்கும்மா. அது போதகரும்மா."

"தெரியும். கால பாத்தேன்."

"பின்ன என்ன பண்ணப் போற?"

"அடுப்புல கொக்கோ போடு. நெறையப் போடு."

அவள் கொக்கோ போடப் போன இடைவெளியில் அவள் மகள் பெனினா, இப்போதுதான் ஓடப் பழகியவள், சுவரில்லாத எங்கள் வீட்டின் தூணுக்கிடையில் புகுந்து நேராகப் பாயிடம் ஓடி அதன் சிவப்பு இறகு விளிம்பைப் பிடித்துவிட்டாள். நின்றிருந்த தலைவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். வீட்டாள் யார் தூக்கினாலும் தூக்கியதுதான். சேயுலியின் முகத்தில் சந்தோஷம் அப்படியே தெரிந்தது. நான் பாய்ந்துபோய் அவளை வாரி எடுத்தேன்.

"நல்லாருக்கு நாயம்! இவ பொறந்ததுக்குத்தான் என்ன வெளிய ஒக்கார வெச்சீங்க. இப்ப இவ தூக்கினா மட்டும் செல்லுமோ?"

சேயுலி குரலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கமாக வந்தார்.

"லெபேகா, நான் சொல்றத கேளு. நீ பாயத் தூக்கிட்டா சங்கதி முடிஞ்சுது. செவ்வாக்கெழம கோர்ட்டுக்கு நீ வரவேணாம். போலீசுல நான் பேசிக்கறேன். அந்தப் பய வேதப் பள்ளிக்குப் போகவேண்டியவன். வாழ்க்கைய கெடுத்துறாத."

"அப்ப என் தம்பி குடிகாரன்னே எழுத்துல இருக்கட்டுமா?"

"எழுத்துல என்ன இருந்தா என்ன? நாம கிறிஸ்தவங்க. அன்பா இருக்கற எடத்துல கோர்ட்டு எதுக்கு, கேஸு எதுக்கு?"

எனக்கு வந்ததே கோபம். "என் மக வயித்த மட்டும் சபைக்கு நடுவுல நிறுத்திக் காட்டினீங்க. அப்ப எங்க போச்சு இந்த அன்பு? பொண்ணுன்னா விதி, பையன்னா அன்பா?"

பெனினாவை ஃபுவாதினோவிடம் கொடுத்துவிட்டுப் பாய்க்கு எதிரே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"போதகரய்யா."

"பாயோட பேசக்கூடாது!" என்று கத்தினார் சேயுலி. "வழக்கமே இல்ல!"

"போதகரு பாயிக்குள்ள ஒக்காருறது மட்டும் வழக்கமோ? நீங்க செத்த சும்மா இருங்க." பாயின் பக்கம் திரும்பினேன். "போதகரய்யா, நீங்க பதில் சொல்ல வேணாம். ஞாயித்துக்கெழம நீங்க பேசுவீங்க, நான் கேப்பேன். இன்னைக்கு நான் பேசறேன், நீங்க கேளுங்க. மன்னிக்கணும்னு எனக்கும் தெரியும். சின்ன வயசுலேர்ந்து அதத்தான் பாடிட்டு இருக்கேன். ஆனா எத மன்னிக்கறது? ஃபெரெத்தி குடிச்சுட்டு நடு ரோட்டுல படுத்துக் கெடந்தான்னா உங்க பையன் மேல தப்பே இல்ல. அப்ப நீங்க ஏன் இங்க மண்ணுல கெடக்கறீங்க? எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க. தப்பு நடந்துச்சுன்னா, அது இன்னதுன்னு சொல்லச் சொல்லுங்க. பேரு இல்லாத தப்ப நான் எப்படி மன்னிக்கறது?"

பாய் அசையவில்லை. ஈரப்பலா மரத்தடியில் நின்றிருந்த போதகர் மனைவி ரூத்தா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். பாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. பிரசங்கக் குரல் அல்ல, தூங்காத மனிதனின் குரல்.

"ரூத்தா. நேமியாவ கூட்டிட்டு வா."

"வேணாங்கய்யா," என்று பதறினார் சேயுலி. "பையன் வீட்டுலயே இருக்கட்டும்னு நாம முடிவு பண்ணினோமே."

"நீங்க முடிவு பண்ணினீங்க. கூட்டிட்டு வா ரூத்தா."

அவள் ஓடினாள். போதகர் வீடு ஊரின் அந்தக் கோடி. வெயில் தென்னந்தலைகளைத் தாண்டி இறங்கி முற்றத்தைப் பிடித்தது. ஃபுவாதினோ என்னைக் கவலையோடு பார்த்து, "நீயாவது நெழலுக்கு வாம்மா" என்றாள். நான் போகவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு இரக்கம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அவர் வெயிலில் இருக்கும்போது நான் நிழலில் உட்கார்ந்து பார்த்தால் அது வேடிக்கை பார்ப்பது. நான் வேடிக்கை பார்க்க வரவில்லை.

நேமியா வந்தான். ரக்பி ஆடி வளர்ந்த உடம்பு, தூக்கமில்லாத கண். பாயைப் பார்த்தான், கோல்களோடு நின்ற தலைவர்களைப் பார்த்தான், எங்கே நிற்பது என்று தெரியாமல் முழித்தான். பாயின் ஒரு விளிம்பு உள்ளேயிருந்து ஒரு கையால் தூக்கப்பட்டது. அவன் மண்டியிட்டு அதற்குள் தவழ்ந்து போனான். இப்போது பாயில் இரண்டு முதுகுகள்.

பிறகு, "சொல்லுடா" என்றது அப்பன் குரல்.

"அப்பா, நான் ஏற்கெனவே சொன்னேனேப்பா…"

"எனக்குச் சொன்னத விடு. அவங்களுக்குச் சொல்லு. உண்மையச் சொல்லு."

ஒரு தேம்பல். "அவரு படுத்திருக்கலப்பா. ஓரமாத்தான் நடந்து வந்தாரு. நான் ஃபோனப் பாத்துட்டே ஓட்டினேன். இறங்கிப் பாத்தப்ப என் பேரச் சொல்லிக் கூப்புட்டாரு. தண்ணி கேட்டாரு. அவர் மேல சாராய வாடையே இல்லப்பா. சேயுலி ஐயாதான், இப்படிச் சொன்னா உங்கப்பாவுக்கு அவமானம் இல்லேன்னு…"

எல்லோரும் சேயுலியைப் பார்த்தார்கள். அவர் கடலைப் பார்த்தார்.

பாயின் பெரிய முதுகு அப்படியே அமுங்கியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மனிதர் மகன் சொன்னதை நம்பியிருக்கிறார். ஃபெரெத்தி குடித்துவிட்டுக் கிடந்தான் என்று நம்பிக்கொண்டே, தன் வீட்டு வண்டி ஒருவன் காலை எடுத்துவிட்டது என்பதற்காக மட்டும், போதகர் குனியக் கூடாதென்ற வழக்கத்தையும் மீறி வந்து மண்ணில் குனிந்திருக்கிறார். என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தவரிடம் இப்படி ஒன்று இருக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவும் இல்லை. கோபப்படுவதற்கு வசதியான ஆளாக அவர் இருந்திருக்கலாம்.

எழுந்தேன். இரண்டு கையாலும் பாயைத் தூக்கினேன்.

சகரியாவின் நரைத்த தலை வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. பையன் முகத்தை அவர் மடியில் புதைத்திருந்தான். "உள்ள வாங்க," என்றேன். "கொக்கோ ஆறிப்போகுது."

சாப்பிட்டார்கள். சுட்ட ஈரப்பலாவும் தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையும் வைத்தாள் ஃபுவாதினோ. தலைவர்கள் பேசவேண்டிய பேச்சுகளைப் பேசினார்கள். சேயுலி மட்டும் அன்றைக்கு ரொம்பச் சுருக்கமாகப் பேசினார். நேமியா முன்னால் வைத்ததைத் தொடவில்லை. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இப்ப சொன்னத செவ்வாக்கெழம ஜட்ஜு முன்னாடி சொல்லணும்."

"ஜெயில்ல போட்டுருவாங்க அத்தை."

"போடலாம். போட்டா நான் சோறு கொண்டாறேன்."

"நீங்க மன்னிச்சிட்டீங்கள்ல?"

"மன்னிச்சதாலதான்டா சொல்றேன். மன்னிக்கலேன்னா, அந்தப் பொய்யோடயே கெடந்து சாவுன்னு விட்டிருப்பேன். சாப்புடு."

போதகர் கிளம்பும்போது வாசலில் நின்றார். செருப்பைக்கூடப் போட மறந்துவிட்டு வந்திருந்தார். "லெபேகா, வர்ற திருவிருந்துக்கு நீயும் மகளும் முன்னால வாங்க. அந்தப் பெஞ்சு போதும்."

எவ்வளவு நாளாகக் காத்திருந்த வார்த்தை. ஆனாலும் தலையாட்டினேன், முடியாதென்று. "பாயத் தூக்கினதுக்குக் கூலியா? வேணாங்கய்யா. எனக்காக விதிய வளைக்காதீங்க. அது தப்புன்னா சபையக் கூட்டித் திருத்துங்க. சரின்னா எல்லாருக்கும் ஒண்ணுபோல வைங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெறுங்காலோடு ரோட்டில் இறங்கிப் போய்விட்டார்.

அன்று மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஃபெரெத்தி தலையணையில் சாய்ந்திருந்தான்.

"தூக்கிட்டியாக்கா?"

"தூக்கிட்டேன். நீ குடிக்கலேன்னு நேமியாவே ஊரு முன்னாடி சொல்லிட்டான்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, "ஒடனே தூக்கினியா?"

"இல்ல. கொஞ்சம் வெயில் ஏறட்டும்னு விட்டேன்."

"நல்லது. என் காலுக்கு அந்த வெயிலாவது வேணாமா?" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். நானும் அழுதேன்.

செவ்வாய்க்கிழமை நேமியா கூண்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். நான் அவனுக்காகப் பேசினேன். பாயைத் தூக்கிய கதையைச் சொன்னேன். ஆனால் விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை. நீதிபதி தண்டனையைக் குறைத்தார், விட்டுவிடவில்லை. போலீஸ் வண்டியில் ஏறும்போது அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "சேம்பிலை கொண்டாருவேன்," என்று கத்தினேன்.

பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு வந்தது. வெள்ளைத் தொப்பி, வெள்ளை உடுப்பு, கடைசி பெஞ்சு, ஆணி. திருவிருந்து மேசைக்குப் பின்னால் பக்கத்து ஊர்ப் போதகர் நின்றுகொண்டிருந்தார். எங்கள் போதகருக்குக் காய்ச்சலோ என்று நினைத்தேன். காய்ச்சல் இல்லை. வெள்ளைக் கோட்டோடு முன்னால் வந்து நின்றார் சகரியா.

"என் மகன் ஒரு மனுஷனை ஊனமாக்கினான். அவர்மேல் பொய்ச் சாட்சி சொன்னான். பிள்ளை தவறினால் பெற்றோரும் வெளியே என்று இந்தச் சபையில் விதி வைத்தவன் நான். அது பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு மட்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த விதி சரியா என்று வியாழக்கிழமை சபை கூடிப் பேசட்டும். அதுவரைக்கும் அது எனக்கும் விதிதான்."

ரூத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவழியாக நடந்து வந்தார். ஜன்னலைச் சாத்த வருகிறார் என்றுதான் பாதிப்பேர் நினைத்திருப்பார்கள். நேராக எங்கள் பெஞ்சுக்கு வந்து நின்றார். பாடகர் குழு பாட மறந்து நின்றது.

அவரை அங்கே உட்கார வைக்கவேண்டும் என்று நான் எத்தனை ஞாயிறு ஆசைப்பட்டிருக்கிறேன்! வந்துவிட்டார். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. மகளை இடித்து நகரச் சொன்னேன். "இந்தப் பக்கம் ஒக்காருங்க. அங்க ஆணி இருக்கு, கிழிச்சிரும்."

தட்டு வந்தது. டீக்கன் கூரையைப் பார்த்துக்கொண்டு எங்களைத் தாண்டினார். சகரியாவின் கண் அந்தத் தட்டோடு கூடவே போனது. எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

"இவ்வளவு நாளும் இதையா பாத்துட்டு இருந்தீங்க?" என்று முணுமுணுத்தார்.

என் விசிறியை அவரிடம் கொடுத்தேன். வேறென்ன சொல்ல?

பாட்டு தொடங்கியது. முன்னால் முதல் குரல் தடுமாறியது. நான் பின்னால் இருந்தபடியே எடுத்துக் கொடுத்தேன், பெஞ்சே அதிரும்படி. யாரும் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் சுத்தியல் எடுக்கக் கூடாது. அது விதி, எனக்கும் அதில் மறுப்பில்லை. திங்கள் காலை பொழுது விடிந்ததும் கோயில் பக்கமிருந்து சத்தம் கேட்டது. ஒரு அடி விழுந்தது, ஒரு அடி தவறியது, மறுபடி ஒரு அடி. ஃபெரெத்தியாக இருந்தால் ஒரே அடியில் ஆணியை இறக்கியிருப்பான். பழக்கமில்லாத கை, யாருடையது என்று பார்க்காமலே தெரிந்தது. விரலை நசுக்கிக்கொள்வதற்குள் போய்ச் சேரவேண்டும் என்று இரண்டு கோப்பையில் கொக்கோவை ஊற்றிக்கொண்டு கிளம்பினேன்.